ஸ்டாண்டின் இருபத்தேழு அர்த்தங்கள்

ஆங்கிலத்தில் 'ஸ்டாண்ட்' என்றொரு வினைச்சொல் இருக்கிறது. 'நில்' என்பதுதான் அதற்குப் பொருள் என்று நம்பி முப்பத்தெட்டு வயது வரை முனீப் நிம்மதியாக இருந்தான். லிங்கநகரில் ஆங்கில வகுப்பு நடத்தும் நிவேதிகா டீச்சர்தான் அந்த நிம்மதியைக் கெடுத்தாள். "ஒண்டில்லை நானா, இருபத்தேழு அர்த்தம் இருக்கு" என்று அந்த 'அண்ணனுக்கு'க் கொப்பியில் இலக்கம் போட்டே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தேர்தலில் போட்டியிடவும் ஸ்டாண்ட். கோர்ட்டில் வழக்குக்கு முகங்கொடுக்கவும் ஸ்டாண்ட். ஒருவனைச் சகிக்கவே முடியாது என்றாலும், சிநேகிதனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாலும் அதே ஸ்டாண்ட்தான். வெள்ளைக்காரன் ஒற்றைச் சொல்லை வைத்தே குடும்பம் நடத்திவிடுவான் போலிருக்கிறது. நாங்கள் சொல்லும் 'ஸ்தானமும்' அதுவும் ஆதியில் ஒரே வேரில் பிறந்தவை என்று டீச்சர் சொன்னபோது முனீப்புக்குக் கோபமே வந்துவிட்டது.

"சொந்தக்காரனா இருந்துமா டீச்சர் இவ்வளவு கரைச்சல் தருது?"

பகிடி ஒரு பக்கம் கிடக்கட்டும். கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கும் துறைமுகத்து இழுவைப் படகில் முனீப் நான்கு வருடமாக ஒப்பந்தத்தில் கயிறு பிடிக்கிறவன். ஆங்கில நேர்முகத்தில் தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் மாத முடிவோடு வீட்டுக்கு, அங்கிருந்து மறுபடியும் கட்டாருக்கு. முன்பு ஐந்து வருடம் ஒரு தரமும் லீவில் வராமல் அங்கே கிடந்தவன் அவன். கிண்ணியாவில் வீட்டு வாசலில் வந்து இறங்கிய அன்று மகள் நப்லா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "உம்மா, இது போனில வாற வாப்பா இல்ல" என்றாள்.

நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முனீப்பின் படகுக் கப்டன் சோமசேகரம். மற்றவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மணி, சில்லு வைத்த அலுவலகக் கதிரையில் மேசையோரம் இருந்தார்.

"முனீப், ஸ்டாண்ட் பை எண்டால் என்ன? இங்கிலீசில சொல்லும் பாப்பம்" என்றார் கப்டன்.

பதினான்காம் இலக்கம். இல்லை, பதினாறு. இருபத்தேழு அர்த்தங்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நாக்கு நுனியில் வந்து நின்றன. "எலெக்ஷன்..." என்று தொடங்கிய முனீப் வாயை மூடிக்கொண்டான். அம்மணி பேனையைக் கீழே வைத்தார். எல்லாம் போச்சு என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

சோமசேகரம் முப்பது வருடம் இழுவைப் படகில் தொண்டை கிழியக் கத்திய மனிதர். அவருக்கு என்ன தோன்றியதோ, கதிரையை விட்டு எழும்பி, கடலில் கத்துகிற அதே குரலில் கத்தினார்.

"ஸ்டாண்ட் பை!"

முனீப் எழும்பியே விட்டான். முழங்காலை மடித்து, இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் பற்றி, கப்டனின் முகத்தையே பார்த்து, அடுத்த கட்டளைக்கு ஆயத்தமாக நின்றான்.

"ஸ்டாண்ட் கிளியர்!"

ஒரே பாய்ச்சலாகப் பின்னால் பாய்ந்தான். பாய்கிற வேகத்தில் கொழும்பு அம்மணியையும் கதிரையோடு இழுத்துக்கொண்டு சுவரோரம் போய்ச் சேர்ந்தான்.

அம்மணி கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, "வை?" என்றார்.

"ரோப் பிரேக், மேடம்" என்றான் முனீப் மூச்சு வாங்க. "லெக் கோன்."

இழுபடுகிற கயிறு அறுந்தால் கிட்ட நிற்பவனின் காலைக் கொண்டு போய்விடும். அந்தக் குரல் கேட்டதும் பக்கத்து ஆளையும் இழுத்துக்கொண்டு விலகுவது படகில் எல்லாருக்கும் பழக்கம். அம்மணி குனிந்து தன் கால்கள் இரண்டையும் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஸ்டாண்ட் டவுன், முனீப்" என்றார் கப்டன் மெல்ல. முனீப் கையைத் தளரவிட்டு உட்கார்ந்தான். "இவருக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டபடி கப்டன் படிவத்தை அம்மணியின் பக்கம் தள்ளினார். அவர் கையொப்பம் வைத்தார்.

வெளியே வந்து படியில் குந்தியவனுக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுது முடித்தான். மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு! மனைவி ரிஸ்லாவுக்குப் போன் எடுத்தால் மறுமுனையில் வந்தது நப்லா.

"மகள், வாப்பாட வேலை நிரந்தரமாகிட்டு எண்டு உம்மாட்ட சொல்லுங்க."

"அப்ப நீங்க கட்டாருக்குப் போகமாட்டீங்களா?"

முனீப் திகைத்துப் போனான். கட்டார்ப் பேச்சைப் பிள்ளையின் காதில் விழாமல்தான் இருவரும் இவ்வளவு நாளும் கதைத்தார்கள்.

"போகமாட்டன் மகள். இனி எங்கயும் போகமாட்டன்."

பிறகு, ஏச்சு விழுமோ என்ற பயத்தோடு அவள் கேட்டாள்.

"அப்ப ஒங்கட பாஸ்போட்ட உம்மாட்ட குடுத்திரட்டா வாப்பா? ஒரு மாசமா என்ட ஸ்கூல் பேக்குக்குள்ளதான் இருக்கு."