சுண்ணாம்புக்கு அடியில் நாற்பத்து நான்கு வீடுகள்

பழனி தன் ஆயுசில் உருப்படியாகச் செய்த வேலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவற்றிலும் மிகச் சுத்தமாகச் செய்து முடித்தது, ஏரிக்கரையில் இருந்த நாற்பத்து நான்கு குடிசைகளுக்கும் ஒரே நாளில் சுண்ணாம்பு அடித்ததுதான். வழக்கம்போல அரைகுறையாக விட்டிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. அன்றைக்கென்று பார்த்து அவனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது.

கன்னடத்து நகரம் ஒன்றில், விஜயநகர் பேட்டையைத் தாண்டி மேற்கே போனால் அந்த ஏரி. ஹனூர் பக்கத்துக் கிராமங்களில் வானம் பொய்த்த வருஷங்களில் பஸ் ஏறி வந்த சனங்கள்தான் சுற்றியிருந்த புது லேஅவுட்டு வீடுகளையெல்லாம் கட்டினார்கள். வீடுகளில் சம்பளக்காரர்களும் பென்ஷன்காரர்களும் குடி வந்தார்கள். கட்டியவர்கள் ஏரிக்கரையில் மண்சுவர் எழுப்பித் தகரம் போட்டுக்கொண்டார்கள். பிறகு, அவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்த கக்கூசுகளின் தண்ணீர், கால்வாய் பிடித்து அவர்கள் வாசலுக்கே வந்து சேர்ந்தது. ஏரி நாறியது. ஆகாயத்தாமரை மூடி, தண்ணீர் இருப்பதே தெரியாமல் போயிற்று. ஏரி கெட்டதற்குக் காரணம் கரையில் இருக்கும் குடிசைகள் என்று அரசாங்கம் கண்டுபிடித்தது. இவ்வளவு படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பழனியும் அப்போது நினைத்துக்கொண்டான்.

ஏரியைக் காப்பாற்ற ஒரு திட்டம் வந்தது. குடிசைக்காரர்களே கூலிக்குச் செடி அள்ள வேண்டும்; அள்ளி முடித்ததும் வேலி போட்டுவிடுவார்கள்; குடிசைக்கு ஒரு சைட்டு, அதாவது வீட்டு மனை, ஹக்குப்பத்திரம் என்ற உரிமைப் பத்திரத்தோடு வேறு இடத்தில் கிடைக்கும். பழனிக்கு வாய் நீளம் என்பதால் அவனையே மேஸ்திரி ஆக்கினார்கள்.

யார் யாருக்குச் சைட்டு என்று தெரிய வேண்டுமே. தை மாதம் சர்வேக்காரர் ஒருவர் வந்து, வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒன்று, இரண்டு என்று நம்பர் எழுதிக்கொண்டே போனார். ஆயில் பெயிண்டில் எழுத வேண்டியதைக் காவியைத் தண்ணீரில் கரைத்து எழுதினார். பெயிண்டு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பதினெட்டாவது குடிசைக்காரி மல்லம்மா அன்று சித்தாள் வேலைக்குப் போயிருந்தாள். பூட்டிய கதவு என்று பதினேழுக்கு அடுத்து அவள் குடிசையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் திரும்பி வந்து, ஸ்கூட்டர் பின்னாலேயே ஓடி, ஆளைத் திருப்பி அழைத்து வந்து கடைசி நம்பரான நாற்பத்து நான்கை வாங்கினாள். அன்றைக்கு ஏரிக்கரையில் எல்லாப் பெண்களும் நம்பருக்குக் குங்குமம் வைத்தார்கள். பழனியின் பெண்டாட்டி வடிவு அவர்கள் வீட்டு இருபத்தொன்பதுக்குச் சூடமே காட்டினாள்.

பிறகு சித்திரையில், அது தொண்ணூற்றேழாம் வருஷம், திட்ட அதிகாரி மஞ்சுநாத் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"பழனி, போட்ஸ்வானாலிருந்து ஒரு மேடம் பர்த்தாரே, நாளைக்கு வர்றாங்க. ஆப்பிரிக்காவோட தெக்குப் பக்கம். அங்க சுற்றுச்சூழல், ஏழைங்க நலம் எல்லாம் பார்க்கிற பெரிய ஆபீசர். நம்ம ஏரியைத்தான் மாடல்னு காட்டறோம். ஏனப்பா இது, செவுரெல்லாம் கோழி பேண்ட மாதிரி? சுண்ணாம்பு அனுப்பறேன், நாளைக்குள்ள எல்லாம் பளிச்சுனு ஆகணும். செவுத்துல ஒரு கிறுக்கல் தெரியக் கூடாது."

சுண்ணாம்பு வந்தது. வெள்ளையடிக்கும் மட்டையைக் கையில் எடுத்த பழனி, தன் இருபத்தொன்பதாம் நம்பர் குடிசைக்கு வந்தபோது வடிவு குறுக்கே நின்றாள்.

"ஏனுங்க, நம்பரு மேலயுமா அடிக்கறீங்க?"

"அடிச்சா என்ன புள்ள? நம்பரு எங்க ஓடிப்போவுது? முக்காடு போட்ட புதுப்பொண்ணாட்டம் உள்ளாரயே உக்காந்திருக்கும்."

"அந்தச் சாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்கன்னா."

"செவுத்துல கிறுக்கல் ஒன்னுகூடத் தெரியக் கூடாதுன்னு சொன்னதே அவருதான். பாரின் அம்மா பார்த்தா என்ன நெனைப்பாங்க? உனக்கு நாட்டோட மானம் தெரியுமா?"

"எனக்கு எதுக்குங்க நாட்டோட மானம்? எனக்கு என்ற சைட்டுதான் தெரியும்" என்றாள் வடிவு. ஆனாலும் விலகிக்கொண்டாள். நாட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறவன்போல அவன் சுண்ணாம்பை இழுத்து இழுத்து அடித்தான். இரண்டு கோட்டிங்.

மறுநாள் பத்து மணிக்கு அந்த அம்மாள் வந்தார். பெயர் லொராட்டோ. ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, தலையில் துணிக்கட்டு, காலில் கான்வாஸ் ஷூ. திட்ட ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த வைஷாலி என்ற பெண் இங்கிலீஷைக் கன்னடத்தில் மாற்றிச் சொன்னாள். ஏரிக்கரைக்காரர்களுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. லொராட்டோ வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் நாட்டில் பணத்துக்குப் பெயரே மழை என்றுதான் வைத்திருக்கிறோம், அவ்வளவு அருமை எங்களுக்கு, என்றார்.

"எங்கூர்லயும் அப்படித்தான்" என்றாள் மல்லம்மா. "ரெண்டுமே வராது."

மாற்றிச் சொன்னதும் அந்த அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தார். மஞ்சுநாத் சிரிக்கவில்லை. அவசர அவசரமாகச் சான்றிதழ்க் கட்டைப் பிரிக்கச் சொன்னார். குடிசைக்கு ஒன்றாக, 'ஏரியின் தோழர்' என்று பொன்னிறத்தில் அச்சடித்த அட்டை. வைஷாலி ஒவ்வொன்றிலும் சீல் குத்திக் கொடுக்க, விருந்தாளி கையால் வழங்க ஏற்பாடு. பத்துப் பேர் வாங்கியிருப்பார்கள். பதினோராவது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே லொராட்டோ ஏதோ கேட்டார்.

"வேலி போட்ட பிறகு இவங்க எங்க போவாங்கன்னு கேக்கறாங்க" என்றாள் வைஷாலி.

மஞ்சுநாத்துக்கு முகம் மலர்ந்தது. அவர் படித்து வைத்திருந்த கேள்வி அது. ஒவ்வொரு வீட்டுக்கும் மாற்றிடம் உண்டு, ஒருவர்கூட விடுபடாமல் வீடு வீடாக நம்பர் போட்டிருக்கிறோம், என்று இங்கிலீஷில் விளக்கினார்.

அந்த அம்மாள் தலையாட்டினார். பிறகு சுவர்களைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். வெயிலில் கண் கூசும் வெள்ளை.

"நம்பரை ஒன்னு பார்க்கலாமான்னு கேக்கறாங்க சார்."

எல்லார் கண்ணும் பழனி மேல் வந்து நின்றது.

"அது லிஸ்டில் இருக்கிறது" என்றார் மஞ்சுநாத். அப்புறம் பழனி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நம்பர் மேலயேவா அடிச்சே, மடையா? அடுத்த மாசம் வெரிஃபிகேஷன். லிஸ்டுல நம்பர்தான் இருக்கு, பேர் இல்லே. செவுத்தைப் பார்த்துத்தான் சைட்டு கொடுப்பாங்க. நம்பர் இல்லேன்னா நான் ஏனு மாடலி? என்ன செய்ய முடியும் சொல்லு?"

பழனிக்குச் சில விஷயங்கள் தாமதமாகத்தான் புரியும். தாலி கட்டி மூன்று வருஷம் கழித்துத்தான் வடிவுக்குத் தன்னைவிடப் புத்தி அதிகம் என்று கண்டுகொண்டவன் அவன். ஆனால் இது அங்கேயே, அந்த நொடியே புரிந்தது. நாற்பத்து நான்கு குடும்பத்தின் இடத்தையும் மட்டையால் தொட்டுத் தொட்டு அழித்தது தன் கை. அழிக்கச் சொன்ன வாய் எதிரே நின்று, என்ன செய்ய முடியும் என்கிறது.

இடுப்பில் செருகியிருந்த, செடி அறுக்கும் அரிவாளை உருவினான். மஞ்சுநாத் இரண்டு அடி பின்னால் போனார். பழனி அவரைப் பார்க்கக்கூட இல்லை. நேரே தன் குடிசைச் சுவருக்குப் போய்ச் சுரண்ட ஆரம்பித்தான். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் காவி தெரியவில்லை. ஈர மட்டை பட்டதுமே காவி கரைந்து சுண்ணாம்போடு கலந்துவிட்டிருந்தது. இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல். அதற்கும் கீழே மண்.

"இன்னும் சுரண்டுங்க" என்றாள் வடிவு, பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தா முக்காட்டுக்காரி தெரிவா."

அடுத்த குடிசைக்குப் போனான். அங்கும் தீற்றல். அதற்குள் பெண்கள் ஆளுக்கொரு கரண்டி, தேங்காய்ச் சிரட்டை என்று எடுத்துக்கொண்டு தங்கள் தங்கள் சுவரில் இறங்கிவிட்டார்கள். கரை நெடுக வெள்ளைத் தூசி பறந்தது. ஒரு சுவரில் ஏழு பாதி தெரிந்தது. அது ஒன்றாகவும் இருக்கலாம். மற்ற எதிலும் ஒன்றும் இல்லை. நேற்றுப் பளிச்சென்று இருந்த மாடல் ஏரிக்கரைக்குச் சொறி பிடித்துவிட்டது.

"மேடம், லஞ்சுக்கு நேரமாச்சு" என்று மஞ்சுநாத் ஜீப்பின் கதவைத் திறந்தார்.

கரை மேல் ஜீப் போக ஒரே ஒரு தடம். பழனி யாரையும் கூப்பிடவில்லை. காலையில் அள்ளிக் குவித்திருந்த ஆகாயத்தாமரையில் ஒரு கூடையைத் தூக்கி வந்து ஜீப்புக்கு முன்னால் கொட்டினான். மல்லம்மா ஒரு கூடை கொட்டினாள். அதன் பிறகு கூடைகளை எண்ண முடியவில்லை. சேறும் வேரும் சாக்கடை நாற்றமுமாக ஆள் உயரத்துக்கு எழும்பிற்று.

"ஏய், இதென்ன தாதாகிரி?"

"தாதாகிரி இல்லைங்க சார், சுற்றுச்சூழல்" என்றான் பழனி. குரல் நடுங்கியது, பயத்தில் என்று மஞ்சுநாத் நினைத்திருந்தால் அது அவருடைய தப்பு. "உங்க லேஅவுட்டு பீத்தண்ணில இடுப்பளவு நின்னு அள்ளுனதுங்க இது. எங்கனாலதான் ஏரி கெட்டுச்சுன்னீங்க, வாயை மூடிட்டு அள்ளுனோம். செவுத்தை வெள்ளையடின்னீங்க, அடிச்சேன். நான் மடையன், ஒத்துக்கறேன். எனக்கு நம்பரு வேண்டாம், போகட்டும். என்ற மடத்தனத்துக்கு நாப்பத்து மூணு குடும்பம் எதுக்குங்க ரோட்டுக்குப் போவணும்? எழுதிக் குடுங்க. எழுதிட்டுச் சாப்பிடப் போங்க."

வைஷாலி அத்தனையையும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று மஞ்சுநாத் கையைக் காட்டியது அவள் கண்ணில் படவில்லை, அல்லது படாத மாதிரி இருந்தாள்.

லொராட்டோ ஜீப்பில் ஏறவில்லை. கரையிலிருந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். தனக்குப் பசியில்லை என்றார். மந்திரி வருகிற வழியில் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிக்கிற வழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு, நானே ஆள் வைத்து அடித்திருக்கிறேன், என்றார். பிறகு, போன வருஷம் அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கம் பென்ஷன் கொண்டுவந்தபோது, தான் ஊர் ஊராகப் போய்ப் பெயர் எழுதியதைச் சொன்னார். பலரிடம் வயதுக்கு ஒரு காகிதம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களை உட்கார வைத்து, இவர் எந்தப் பஞ்சத்தில் பிறந்தவர் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பொய் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரே விடமாட்டார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, கையிலிருந்த பதினோராவது அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதை மஞ்சுநாத்திடம் நீட்டினார்.

விருந்தாளி முன்னால் அவரால் முறைக்கத்தான் முடிந்தது. ஜீப்பின் பானெட்டில் வைத்து, அட்டைகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்; முன்பே வாங்கிய பத்துப் பேரும் தங்கள் அட்டையைத் திருப்பி நீட்டினார்கள். இன்ன ஏரிக்கரை, இன்ன நம்பர் குடிசை, இன்னார். கையெழுத்து, தேதி. வைஷாலி சீல் குத்தினாள். சர்வேக்காரர் கரையில் பாறை இருந்த கோடியிலிருந்து வரிசையாக வந்தவர் என்பதால் நம்பரில் குழப்பம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் "ஆமாங்க" என்றார்கள். பதினேழு முடிந்து பதினெட்டு என்று மஞ்சுநாத் எழுதப் போனபோது மல்லம்மா அட்டையின் மேல் கையை வைத்தாள்.

"எனக்கு நாப்பத்து நாலு."

"வரிசையில நீதானேம்மா பதினெட்டு?"

"ஸ்கூட்டர் பின்னால ஓடுனவ நானு. என்ற நம்பரு எனக்குத் தெரியாதா? பதினெட்டு அந்தப் பக்கத்து வீட்டு நம்பரு. அடுத்தவ சைட்டு எனக்கெதுக்கு?"

இதைக் கேட்ட பழனி, தாமரை நாற்றம் என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தான். நம்பரே இல்லாமல் போன இடத்திலும் இவள் இப்படி நிற்கிறாள். நம்பர் எழுதும் பெயிண்டை விழுங்கினவன் எங்கோ நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். இந்த அட்டை அடுத்த மாதம் செல்லுமா என்று அங்கே யாருக்கும் தெரியாது. செல்லாது என்று சொல்ல ஒரு ஆபீசர் வராமலா போவான்? வரட்டும்.

பழனியின் அட்டையை மஞ்சுநாத் வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கினார். மணி இரண்டாகியிருந்தது. எழுதி முடித்து, சீல் குத்துவதற்கு முன் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்.

"நாளையிலிருந்து நீ மேஸ்திரி இல்லே."

"நாளைக்கு எதுக்குங்க சார், இப்பவே வெச்சுக்கலாம். இருபத்தொம்பதுன்னு எழுத்தாலயும் எழுதிருங்க."

எழுதினார். சீல் விழுந்தது. வடிவு அட்டையைப் பிடுங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் தனக்கு உண்டு என்று பழனி தெரிந்துகொண்டான்.

"ஆய்த்தல்லா, முடிஞ்சது. அள்ளச் சொல்லு இதை" என்றார் மஞ்சுநாத், செடிக் குவியலைக் காட்டி.

பழனி குவியலைப் பார்த்தான். நிற்கிறவர்களைப் பார்த்தான். ஒருவரும் கூடையைத் தொடவில்லை.

"நான் மேஸ்திரி இல்லைங்களே சார். நான் சொன்னா யார் கேப்பாங்க?"

"தமாஷா பண்ணாதே."

"தமாஷ் இல்லைங்க." அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அது வடிவுக்கே புதிதாக இருந்தது. "புது மேஸ்திரி யாருன்னு சொல்லிட்டுப் போங்க. அவரு வந்து அள்ளச் சொல்லுவாரு."

லொராட்டோ கல்லிலிருந்து எழுந்தார். சேலை கட்டிய பெண்களைப்போலவே பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து ஒரு கத்தைத் தாமரையை எடுத்துக் கரையோரம் போட்டார். மல்லம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க விருந்தாளிங்க. உக்காருங்கம்மா" என்றாள். பிறகு மஞ்சுநாத்தைப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து ஏரிக்கரை மொத்தமும் அவரைப் பார்த்தது.

அவர் ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் ஜீப்பின் பானெட்டைப் பிடித்துக்கொண்டு, ஷூவைக் கழற்றினார்.