முனியாண்டி கோயில் சரணாலயம்

2024ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியலில் தூறல், எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்ற வெயில்.

மலேசியாவின் லுக்குட் நகரை அடுத்த பழைய ரப்பர்த் தோட்டத்தில், முனியாண்டி கோயில் தலைவர் திருநாவுக்கரசு ஆண்டு விழாவுக்கான பொங்கல் பானையை ஏந்தியவாறு திகைத்து நின்றார். கோயில் வாசலில் காட்டுப்பன்றிக் குடும்பம் ஒன்று காலை நீட்டிப் படுத்திருந்தது.

அதனை வரவழைத்த பெருமை அவரையே சாரும். ஈராண்டுகளுக்கு முன்பு வீடமைப்பு நிறுவனம் ஒன்று அந்நிலத்தின்மீது கண்வைத்தது. காடும் லாலாங் புல்வெளியும் விலங்குகளின் உறைவிடமென மெய்ப்பித்தால் கோயிலும் பிழைக்கும் என்று அவர் அறிந்தார். அதிகாரிகள் மரந்தோறும் கேமரா கட்டினர். திருநாவுக்கரசோ, கேமராவின் கண்ணில் படாதவாறு, ஒவ்வொன்றின் பின்புறமும் மரவள்ளியும் பலாச்சுளையும் படையலிட்டார். படங்களில் பன்றிகள் உறவினரைக் கண்டாற்போல் ஓடி வந்தன. நிலம் சரணாலயமாயிற்று. ‘விலங்குகளைத் துரத்தாதீர்’ என்ற அறிவிப்புப் பலகைக்கு அவரே மாலையும் அணிவித்தார்.

“கொஞ்சம் வெரட்டி விடுங்க தம்பி,” என்று சரணாலயக் காவல் அதிகாரி தர்மேந்திரனிடம் வேண்டினார்.

“முடியாது அங்கிள். இது அதுங்க வீடு. ஆனா, மனுசன பாத்தும் ஓட மாட்டேங்குதே! யாராச்சும் தீனி போட்டுப் பழக்கியிருந்தா அந்தக் கேமரா சர்வேயே செல்லாதுலா. நெலம் திரும்பக் கைமாறிப் போயிரும்.”

மனைவி புஷ்பவள்ளி குறுக்கிட்டாள். “என்னங்க, படையலுக்குக் கொண்டாந்த பலாப்பழத்தத் தூக்கி அந்தாண்ட போடுங்க. போன தடவ மாதிரி பன்னிங்க அது பின்னாடியே போயிரும்.”

“போன தடவையா?” என்றான் தர்மேந்திரன்.

“கனவு கண்டிருப்பா தம்பி. ராத்திரி முழுக்க ஒளறல்.”

கூட்டத்திலிருந்து முதியவர் முருகையா பெருமூச்செறிந்தார். “முந்தி நாம இத வறுத்துத் தின்னோம். இப்ப இது படுத்திருக்கு, நாம நிக்கிறோம்லா!”

பலாவை எறிந்தால் விழா நடக்கும், நிலம் போகும். எறியாவிட்டால் நிலம் நிற்கும், விழா போகும். திருநாவுக்கரசு பலாப்பழத்தைத் துண்டால் மூடினார்.

“பொங்கல ரோட்டோரமா வைப்போம்.”

“சாமி உள்ள இல்ல இருக்காரு?” என்றாள் புஷ்பவள்ளி.

“அவருக்குத் தூரப்பார்வை நல்லாத்தான் இருக்கு. நீ அடுப்பப் பத்த வை.”

பானை பொங்கியதும் கூட்டம் வாய் திறந்தது. “சத்தம் வேணாம் அங்கிள், பயந்துக்கும்,” என்றான் தர்மேந்திரன். ஆகவே அனைவரும் ‘பொங்கலோ பொங்கல்’ என்று பயபக்தியுடன் கிசுகிசுத்தனர். கோயில் இருந்த திசை நோக்கிக் கற்பூரம் காட்டப்பட்டது. தாய்ப்பன்றி தலைதூக்கி அதனைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் புரண்டு படுத்தது.

விழா இனிதே நிறைவுற்றபோது முற்பகல் மணி பதினொன்று நாற்பத்திரண்டு.