ஆறு பத்துக்கு வர வேண்டிய கடல்

பேருந்து நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் டைம் கீப்பராக உட்கார்ந்தவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: நேரத்துக்கு வருகிறவர்கள், காரணம் சொல்கிறவர்கள். கண்ணாடி போட்ட சின்ன அறை, சுவரில் ஒரு கடிகாரம், மேசையில் ஒரு பதிவேடு, காதில் ஒரு சிவப்புப் பென்சில். இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். மழையில் பாலம் முழுகி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநருக்கு அவர் எழுதிய குறிப்பு நிலையத்தில் இன்றைக்கும் பிரபலம்: ‘பதினான்கு நிமிடம் தாமதம். காரணம், தண்ணீர் என்று சொல்லப்படுகிறது.’

அப்படிப்பட்ட மனிதர், பெற்ற மகளின் கல்யாணத்தை வெறும் பதினொரு நிமிடத்துக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவனைக் கட்டிக்கொள்ள அவளுக்கு விருப்பம், அவனுக்கும் விருப்பம். அவனுக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும்தான். அந்த அப்பா எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைத் தூக்கிப் பார்த்து, ஒரு கிலோ கல் நிஜமாகவே ஒரு கிலோதானா என்று சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவர். சொந்த மகனே அவருக்கு வைத்திருந்த பெயர் ‘எடைக்கல்’.

எடைக்கல் பெண் வீட்டில் பேச வருவதாகச் சொன்னது நாலு மணிக்கு. அழைப்பு மணி அடித்தது நாலு பதினொன்றுக்கு. கதவைத் திறந்த டைம் கீப்பர், “வாங்க” என்று சொல்லியிருக்கலாம். “பதினொரு நிமிஷம் லேட்” என்றார்.

எடைக்கல் கையைத் திருப்பிப் பார்த்தார். “என் வாட்ச்ல நாலு.”

“அப்ப உங்க வாட்ச்தான் லேட்.”

அதற்குப் பிறகு டீ ஆறியது, பேச்சும் ஆறியது. எடைக்கல் போகும்போது சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் ஓடிவிட்டது. தன் அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் அவன் கட்டிக்கொள்ள வர மாட்டான். வேண்டா வெறுப்பாகக் கூப்பிடும் வீட்டுக்கு இவள் போக மாட்டாள். மகள் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவை அப்பா பக்கம் நகர்த்துவதோடு சரி.

“ஒரு வார்த்தை, தப்பா சொல்லிட்டேன்னு போன் பண்ணிச் சொன்னா என்ன குறைஞ்சு போயிடுவீங்க?” என்றாள் மனைவி.

“தப்பே இல்லாதப்ப தப்புன்னு எப்படிடி சொல்றது? கடிகாரம் பொய் சொல்லுமா?”

“அப்ப பொண்ணை அந்தக் கடிகாரத்துக்கே கட்டிக் குடுங்க. அதாவது நேரத்துக்கு வரும்.”

இப்படி இருக்கும்போதுதான், எடைக்கல்லுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை உண்டு என்று மகள் மூலம் செய்தி வந்தது. கடல் ஓரத்தில் நின்று தூண்டில் போட வேண்டுமாம். கடலே இல்லாத ஊரில் பிறந்து, கடலே இல்லாத ஊர்களில் வேலை பார்த்து, கடலே இல்லாத ஊரில் ஓய்வு பெற்றவர். மீனைத் தராசில் மட்டுமே பார்த்தவர்.

டைம் கீப்பர் பேப்பரை மடித்து வைத்தார். “கூட்டிட்டுப் போவோம். ஏற்பாடெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“நீங்க பாத்துக்கறேன்னு சொல்லும்போதுதான்ப்பா பயமா இருக்கு” என்றாள் மகள். மூன்று மாதத்தில் அவள் அப்பாவிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

அவரும் தூண்டிலைத் தொட்டதில்லை. அதனால் என்ன? பஸ் ஓட்டத் தெரியாமலேயே இருபத்தெட்டு வருடம் பஸ்களை ஓடவைக்கவில்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பி, நாலு மணி நேரம் பயணம் செய்து, முன்பின் தெரியாத அந்தக் கரையை நேரில் பார்வையிட்டு வந்தார். காலை ஆறு பத்துக்குத் தண்ணீர் கரைச்சுவர்ப் படியை வந்து தொட்டது. தன் கண்ணால் பார்த்து, தன் கைக்கடிகாரத்தில் சரிபார்த்துக் குறித்துக்கொண்டார். ஏற்றம், ஆறு பத்து. தூண்டில் போடுகிற ஆட்கள் வரிசையாக நின்று மீனாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

மாப்பிள்ளையாக வேண்டியவன் நல்ல பையன். கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் எல்லாம் தேதிவாரியாகப் போட்ட அட்டவணை ஒன்றைத் தேடி எடுத்து, அச்சடித்து அனுப்பியிருந்தான். டைம் கீப்பர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். ஞாயிறு ஆறு பத்து. சரி. திங்கள் ஏழு. செவ்வாய் ஏழு ஐம்பது. புதன் எட்டு நாற்பது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒரு நாளைக்கு ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளி வருதாம். கடல்னா ஒரு ஒழுங்கு வேண்டாம்? நம்ம டிப்போவிலேயே இவ்வளவு மோசமா எந்த வண்டியும் வந்ததில்ல. எவனோ கூட்டத் தெரியாதவன் தயார் பண்ணியிருக்கான்.”

“படிச்சவங்க போட்டிருப்பாங்க, விடுங்களேன்” என்றாள் மனைவி.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நான் நேர்ல பாத்தவன்.”

காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். முப்பது நாளுக்கும் முப்பது நேரத்தை அடித்து, பக்கத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 6.10, 6.10, 6.10. படைத்தவன் கவனிக்காமல் விட்ட பிழையை ஒரு வழியாகத் திருத்தியாயிற்று.

பிறகு நாலு பக்கத்துக்குப் பயணத் திட்டம் தயாரானது. அடுத்த ஞாயிறு காலை 5.10, எழுதல். 5.25, தேநீர். 5.40, விடுதியிலிருந்து புறப்பாடு. 5.52, கரை சேர்தல். 6.10, கடல் வருகை. 6.25, முதல் மீன்.

மனைவி கடைசி வரியில் விரலை வைத்தாள். “மீனுக்குச் சொல்லியாச்சா?”

“அதுக்குத்தான் அடைப்புக்குறிக்குள்ள ‘தோராயமாக’ன்னு போட்டிருக்கேன்.”

சனிக்கிழமை ஐந்து பேரும் வாடகை வண்டியில் கிளம்பினார்கள். கடல் ஆசைக்காக மட்டும் வந்த எடைக்கல் முன் இருக்கையில் ஏறி, வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. அந்த ஊர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கடல் எங்கோ சத்தம் மட்டும் போட்டது. மற்றவர்களை விடுதியில் இறக்கிவிட்டு, டைம் கீப்பர் இரை வாங்கக் கடைக்கு நடந்தார். புழுவையும் இறாலையும் ஐஸில் வைத்து விற்கிற பெண் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள்.

“எப்பண்ணே போடப் போறீங்க?”

“காலையில ஆறு பத்துக்கு.”

“நாளைக்குக் காலையிலயா? காலையில தண்ணி இருக்காதேண்ணே.”

“எங்கிட்ட டேபிள் இருக்கும்மா.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “டேபிள் இருக்குன்னா கொண்டு வந்து போடுங்கண்ணே. நல்லா உக்காந்து வேடிக்கை பாக்கலாம்.” இரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு மீதி ஷட்டரையும் இறக்கினாள்.

மறுநாள் திட்டம் கச்சிதமாக நடந்தது. 5.10க்கு எழுந்தார்கள். 5.25க்குத் தேநீர். 5.52க்குக் கரைச்சுவர்ப் படியில் இறங்கினார்கள். எல்லாரும் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தார்கள். கடலைத் தவிர.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே காலை விடுவதற்கு ஆழமே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. சேற்றில் சாய்ந்து கிடந்த இரண்டு படகுகள். அவற்றுக்கு அப்பால், யாரோ ஈரத்துணியை உதறிப் போட்டதுபோல ஒரு மங்கலான கோடு. அதுதான் கடல் என்று பழக்கப்பட்டவர்கள் சொன்னால் நம்பலாம். தூண்டில்காரன் ஒருவனைக்கூடக் காணோம். ஒரு நாய் மட்டும், கடல் இருக்க வேண்டிய இடத்தில் நின்று காலைத் தூக்கிக்கொண்டிருந்தது.

டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு” என்றார்.

ஐந்து பேரும் ஆளுக்கொரு தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். ஆறு பத்து வந்தது. போனது. ஆறு இருபது ஆனபோது கோடு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது போலத் தோன்றியது.

எடைக்கல் தொண்டையைக் கனைத்தார். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை: “கடல் எங்க?”

“வரும்” என்றார் டைம் கீப்பர். இருபத்தெட்டு வருடமாக, சூட்கேஸோடு கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன அதே குரலில்.

“அது வருதா, போகுதான்னு எனக்குத் தெரியாதா? இந்த நேரத்தைக் குறிச்சது யாரு?” எடைக்கல் மகன் பக்கம் திரும்பினார். “நீதானே ஏதோ டேபிள் எடுத்துக் குடுத்தேன்னு சொன்னே? எடுத்தியே, சரிபாத்தியா? ஒரு காகிதத்தைக் கண்ணால பாத்து வாங்கத் தெரியல. நீயெல்லாம் குடும்பம் நடத்தப் போறியா? வயசான மனுசங்களை இருட்டோட எழுப்பிக் கூட்டிட்டு வந்து சேத்தைக் காட்டறே!”

டைம் கீப்பரின் சட்டைப் பையில் அந்த அட்டவணை நாலாக மடித்து இருந்தது. முப்பது சிவப்பு அடித்தல்களோடு. ஆறேகால் மணி வாக்கிலேயே, எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அதைத் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்திருந்தார். இன்றைய தேதிக்கு நேராக, சிவப்புக் கோட்டுக்கு அடியில், பையன் கொடுத்த நேரம் தெளிவாகத் தெரிந்தது. பகல் பன்னிரண்டு.

பையன் அப்பாவைப் பார்த்தான். பிறகு டைம் கீப்பரைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது, மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். மாமனாராக வேண்டியவரைத் திருத்த மனம் வராமல்தான் கூட வந்திருக்கிறான்.

“ஆமாப்பா. நான்தான் தேதி மாத்திப் பாத்துக் குடுத்துட்டேன். மாமா மேல ஒண்ணும் தப்பில்ல.”

மாமா. இதுநாள் வரைக்கும் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருபத்தெட்டு வருடம் காலம் தள்ளியவருக்கு இது பெரிய காரியமா? எடைக்கல் மகனைத் திட்டிக் களைத்துப் போவார். எல்லாரும் வண்டியில் ஏறுவார்கள். பதிவேட்டில் எழுதிவிடலாம்: காரணம், மாப்பிள்ளை என்று சொல்லப்படுகிறது.

மகள் அவரைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முறைத்திருந்தால் பதிலுக்கு முறைத்திருப்பார். அவளோ, அப்பா இதைத்தான் செய்வார் என்று முன்கூட்டியே தெரிந்தவள்போல, குனிந்து தூண்டிலின் நைலான் நரம்பைச் சுற்றத் தொடங்கியிருந்தாள்.

“பையன் குடுத்தது சரியாத்தாங்க இருந்துச்சு” என்றார் டைம் கீப்பர். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. “நான்தான் மாத்தினேன்.”

காகிதத்தை எடுத்து நீட்டினார். எடைக்கல் அதை வாங்கி, பழைய பழக்கத்தில் முதலில் கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு பிரித்தார். சிவப்புப் பென்சிலைப் பார்த்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக முப்பது ஆறு பத்துகளைப் பார்த்தார்.

“நீங்க... கடலுக்கு டைம் போட்டீங்களா?”

“ஆமாங்க.”

“முப்பது நாளைக்கும்?”

“ஒரு ஒழுங்கு இருக்கட்டுமேன்னு...”

மனைவி வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். எடைக்கல்லின் முகத்தில் ஏதோ நடந்தது. நெற்றியில் தொடங்கி, மூக்கில் தடுமாறி, வாய்க்கு வந்தபோது சிரிப்பு என்று அடையாளம் தெரிந்தது. தூண்டில் கம்பை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“முப்பத்தஞ்சு வருஷம், கல்லைத் தேய்ச்சுக் கொறைச்சவனைப் பாத்திருக்கேன். தராசுக்கு அடியில புளியை ஒட்டினவனைப் பாத்திருக்கேன். கையும் களவுமா பிடிச்சாலும் ஒருத்தன்கூட நான்தான்னு ஒத்துக்கிட்டதில்ல. பொண்டாட்டி ஒட்டினா, மாமியார் ஒட்டினா, பூனை ஒட்டிச்சு!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்க என்னடான்னா, அவன் தலையில கட்டியாச்சு, தப்பிச்சாச்சு, அதுக்கப்புறம் வந்து நான்தான்னு சொல்றீங்க. பிழைக்கத் தெரியாத மனுசனா இருக்கீங்களே!”

அவர் மகன் பக்கம் திரும்பினார். “உனக்குப் பொய் சொல்லவும் வரலையேடா. காது சிவந்து போச்சு பாரு.”

பன்னிரண்டு வரை என்ன செய்வது என்ற கேள்விக்குத் திட்டத்தில் பதில் இல்லை. ஆகவே கரைச்சுவரில் உட்கார்ந்தார்கள். இரை வெயிலில் நாற ஆரம்பித்தது. மனைவி ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். எடைக்கல் தராசுக் கதைகள் சொன்னார். டைம் கீப்பர் பிரேக் பிடிக்காத வண்டிகளின் கதைகள் சொன்னார். இருவருமே மற்றவர் கதையில் தப்புக் கண்டுபிடித்தார்கள். பதினோரு மணிவாக்கில் தூண்டில்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, விடிகாலையிலிருந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் இந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள்.

தண்ணீர் வந்தது. சேற்றை நிரப்பி, படகுகளை நிமிர்த்தி, படியைத் தொட்டது. எடைக்கல் எழுந்து, ஈயக்குண்டைத் தலைக்கு மேல் கொண்டுபோய், வாழ்நாள் ஆசையை எல்லாம் சேர்த்து ஒரு வீச்சு வீசினார். தூண்டில் முள் கடலுக்குப் போகவில்லை. பின்னால் நின்ற டைம் கீப்பரின் சட்டைக் காலரில் போய் மாட்டியது.

“ஆடாதீங்க” என்று சொல்லிக்கொண்டு எடைக்கல் கிட்டே வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தோடு முகம் ஒட்டாத குறையாக, காலரிலிருந்து முள்ளைப் பிரிக்க ஆரம்பித்தார். இறால் வாடை மூக்கைத் துளைத்தது.

“கல்யாணத்தை ரொம்ப இழுக்க வேண்டாம்” என்றார், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். “சின்னஞ்சிறுசுங்க எத்தனை நாள் காத்திருக்கும்?”

டைம் கீப்பர் கழுத்தைத் திருப்பாமலேயே சொன்னார்: “நீங்க எப்ப சொன்னாலும் சரிங்க.”

“நானும் சொல்லல, நீங்களும் சொல்ல வேண்டாம். முக்கியமா நீங்க. உங்க பொண்ணே தேதி பாத்துச் சொல்லட்டும். நாம ரெண்டு பேரும் போய் நிப்போம்.” துணி லேசாகக் கிழிகிற சத்தம் கேட்டது. “பிடிச்சுட்டேன். அசையாதீங்க சம்பந்தி.”

டைம் கீப்பர் அசையவில்லை. மகள் தூண்டிலைப் படியில் போட்டுவிட்டு, அப்பாவின் காலரைப் பிரிக்கத் தானும் ஓடிவந்தாள்.