சுவரில் இல்லாத புள்ளி

…அதிலும் இந்தப் போட்டோக்காரன் இன்றைக்கு ஹேமலதாவை அக்கா என்கிறான், போன மாதம் போனில் பேசியபோது மேடம் என்றுதான் சொன்னான், அவள் புருஷன் கணேஷ்குமார் பக்கத்தில் உட்கார்ந்து ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தான், ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது, மேடம் எப்போது அக்கா ஆனாள், நடுவில் எத்தனை முறை பேசியிருந்தால் ஒரு மேடம் அக்காவாகும்… ஆனால் அக்கா என்று கூப்பிடுகிறவனை ஒன்றும் சொல்லவும் முடியாது, அதுதான் எரிச்சல், மேடம் என்றே விட்டிருந்தால் நிம்மதியாகச் சந்தேகப்பட்டிருக்கலாம். பாகூர் கடைத்தெருவில் மாடியேறி வந்தால் இந்த ஸ்டுடியோ, ஒரு பக்கம் வெள்ளைச் சுவர், ஒரு பக்கம் நீலத் திரை, கதவுக்கு மேலே மாதா படம், மேசையில் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் கேமரா, இரண்டு லென்ஸ், வீடியோ ஆடாமல் இருக்கப் பிடித்துக்கொள்ளும் கிம்பல், மைக், பேட்டரிகள் என்று சூசைநாதன் பரப்பி வைத்திருந்தான், நிச்சயதார்த்தத் தட்டு மாதிரி. பரப்பி வைக்கிறவனை நம்பக் கூடாது என்பது கணேஷ்குமாருக்குத் தெரியும், வில்லியனூரில் அவனுடைய பாத்திரக்கடையில் அவனும் அப்படித்தான் பரப்பி வைக்கிறான், நெளிந்த பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்.

மிர்ரர்லெஸ் மிர்ரர்லெஸ் என்று வீட்டில் மூன்று மாதமாக ஒரே பேச்சு. அப்படியென்றால் என்ன என்று இங்கே வந்ததும் கேட்டான், தெரியாமல் இல்லை, இவன் எப்படிச் சொல்கிறான் என்று பார்ப்பதற்கு. “பழைய கேமராவுல உள்ள ஒரு கண்ணாடி இருக்கும் சார், இதுல அது கெடையாது. அதனால வெயிட் கம்மி. ஸ்கிரீன்ல இன்னா தெரியுதோ அதான் அப்பிடியே போட்டோவுல வரும்” என்றான் சூசைநாதன். உள்ளே இருந்த ஒன்றை எடுத்துவிட்டார்களாம், அதனால் விலை கூடிவிட்டதாம்… கைப்பிடி இல்லாத வாணலியைத் தன் கடையில் அதிக விலைக்கு விற்றால் ஜனங்கள் சும்மா விடுவார்களா, ஹேமலதாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள், சிரித்துவிட்டு அந்தக் கண்ணாடி எதற்கு இருந்தது, ஏன் இப்போது தேவையில்லை என்று விளக்கத் தொடங்கிவிடுவாள், அந்த விளக்கம்தான் அவனுக்குப் பயமாக இருக்கிறது. எங்கே கற்றுக்கொண்டாள்? யூடியூப்பில் என்கிறாள், மத்தியானம் நீங்கள் கடையில் இருக்கும்போது என்கிறாள், இருக்கலாம், பதினாறு வருஷமாக மத்தியானத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று அவன் யோசித்ததே இல்லை, தூங்குவாள் என்று நினைத்திருந்தான்.

அப்புறம் விற்கிறானே, ஏன் விற்கிறான்? படம் பதிகிற சென்சார் இதைவிடப் பெரிதாக இருக்கிற கேமராவுக்கு மாறுகிறேன், கல்யாண ஆர்டருக்கு அதில் இரண்டு கேமரா வேண்டும், அதனால் இந்த செட்டைக் கொடுக்கிறேன் என்கிறான், சொல்லும்போது கண்ணைப் பார்த்துத்தான் சொல்கிறான், கண்ணைப் பார்த்துச் சொல்கிறவர்களைக் கணேஷ்குமார் நிறையப் பார்த்திருக்கிறான். போன வாரம் வியாழக்கிழமை கேமராவை இவளிடம் தூக்கிக் கொடுத்து, ரெண்டு நாள் வூட்ல வச்சி எடுத்துப் பாருங்க, புடிச்சா வாங்குங்க என்று அனுப்பினானே, அது எந்த ஊர் வியாபாரம்? கையெழுத்து கிடையாது, அட்வான்ஸ் கிடையாது, ஒரு சில்வர் குடத்தைக்கூடக் கணேஷ்குமார் யாருக்கும் அப்படிக் கொடுத்தனுப்பியதில்லை. நம்பிக் கொடுக்கிறான் என்றால் ஒன்று பொருளில் கோளாறு இருக்க வேண்டும், இல்லை… இல்லை என்பதற்குப் பிறகு வந்ததை அவன் நினைத்து முடிக்கவில்லை, காறித் துப்ப வேண்டும்போல இருந்தது, தன்னையேதான்.

ஹேமலதா கேமராவைக் கையில் எடுத்தாள். எடுத்த விதத்தைப் பார்த்தான், இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரல் பின்னால் இருந்த சக்கரத்தைப் பார்க்காமலே உருட்டியது. வீடியோவில் ரொம்ப நேரம் ஓடினால் சூடாகி நின்றுவிடுமா தம்பி என்று கேட்டாள், துல்லியம் கூட்டி ஃபோர்-கேயில் வைத்தால் வெயிலில் நின்றுவிடும் அக்கா, மண்டபத்தில் ஒன்றும் ஆகாது என்றான் அவன், மறைக்காமல் சொல்லிவிட்டானே என்று அதற்கும் கணேஷ்குமாருக்குக் கோபம் வந்தது, சின்னக் குறையைத் தானாகச் சொல்லிப் பெரிய குறையை மூடுவது அவனுக்குத் தெரிந்த வித்தைதான். சூசைநாதன் மூஞ்சிக்கு நேரே அவள் பிடித்தபோது திரையில் ஒரு சின்னச் சதுரம் வந்து அவன் கண்மேல் உட்கார்ந்தது, அவன் நகர்ந்தால் சதுரமும் நகர்ந்தது, ஹேமலதா சிரித்தாள், வீட்டில் இப்படிச் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று, அல்லது சிரித்துக்கொண்டுதான் இருந்தாளா, மத்தியானங்களில்?

எல்லாம் சுகன்யா வீட்டில் தொடங்கியது. அவனுடைய தங்கை சுகன்யாவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு, கரிக்கலாம்பாக்கத்தில், போட்டோ எடுக்க வந்த இரண்டு பேரும் தண்ணீர் ஊற்றுகிற இடத்துக்கே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், அந்தப் பெண் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதது, அத்தைமார்கள் எல்லாரும் நிமிர்ந்து பாரு, சிரி என்று அதட்டினார்கள், ஹேமலதாதான் அந்த இரண்டு பேரையும் வெளியே போங்க என்று சொல்லிவிட்டுத் தன் போனில் எடுத்தாள். பெண் சிரித்த படம் அதில்தான் வந்தது. அன்றைக்கிலிருந்து வளைகாப்பு, நலங்கு, சடங்கு என்றால், ஆம்பளைங்க வேணாம், ஹேமா வந்தா நல்லாருக்கும் என்று போன் வருகிறது, பாகூர் பக்கத்திலிருந்துகூட வருகிறது. செய்யலாம்தான். நல்ல காரியம்தான். அதில் தப்பு என்று சொல்ல அவனிடம் ஒன்றுமே இல்லை, அதனால்தான் வீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, சொன்னால் ஏன் என்பாள், ஏன் என்றால் என்ன சொல்வது, முகூர்த்த நாளில் விடியற்காலையே நீ கிளம்பிப் போவாய், எனக்குத் தெரியாத வீடுகளில் உட்கார்ந்து சாப்பிடுவாய், கடைக்கு வருகிறவன் நேத்து உங்க வூட்டம்மா எங்க வூட்ல இருந்தாங்க என்பான், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், எனக்குப் பயமாக இருக்கிறது என்றா சொல்வது? கேமராவில் ஒரு குறை கிடைத்துவிட்டால் போதும். வேணாம் ஹேமா, ஏமாத்துறான் என்று சொல்லி எழுந்துவிடலாம், அவள் கோபம் சூசைநாதன்மேல் போகும். அதற்காகத்தான் கடையை மூடிவிட்டு வந்திருக்கிறான்.

அவனும் சும்மா வரவில்லை, கல்லாவில் உட்கார்ந்து நாலைந்து வீடியோ பார்த்துவிட்டுத்தான் வந்தான், பழைய கேமரா வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று. எவ்வளவு படம் எடுத்திருக்கிறது என்று ஷட்டர் கவுண்ட் கேட்டான், காட்டினான், குறைவாகத்தான் இருந்தது. லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான், இல்லை. கடைசி அஸ்திரம் ஒன்று இருந்தது. “தம்பி, லென்ஸோட ஓட்டைய நல்லா சின்னதாக்கிக்கினு அந்த வெள்ளச் சொவத்த ஒன்னு எடு” என்றான். சூசைநாதன் மரியாதையோடு திரும்பிப் பார்த்தான், ஹேமலதாவும் பார்த்தாள், அவள் பார்வையில் இவருக்கு எப்படித் தெரியும் என்பது இருந்தது, அது கொஞ்சம் இனித்தது. எடுத்தான். திரையில் பெரிதாக்கினான். மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி, எறும்பு அளவு, பக்கத்திலேயே இன்னும் இரண்டு.

சுவரில் போய்த் தடவிப் பார்த்தான் கணேஷ்குமார், சுவரில் ஒன்றும் இல்லை. இன்னொரு லென்ஸை மாட்டி எடுக்கச் சொன்னான், அதே மூலை, அதே புள்ளி. அப்படியானால் உள்ளே. கிடைத்துவிட்டது. நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது, அக்காவாம் அக்கா, சென்சாரில் அழுக்கை வைத்துக்கொண்டு கண்ணைப் பார்த்துப் பேசுகிறான், ஒரு பிள்ளையைப் படமெடுத்தால் நெற்றியில் இந்தக் கறை வராதா, இதைத்தான் நம்பிக் கொடுத்தனுப்பினானா… “இன்னா தம்பி இது?” என்று குரலை உயர்த்தாமல்தான் கேட்டான், ஜெயித்தவன் குரலை உயர்த்த வேண்டியதில்லை. சூசைநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. “இல்லியே சார், குடுக்கறதுக்கு முன்னாடி செக் பண்ணனே” என்று கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து லென்ஸைக் கழற்றினான், ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான், மூன்று தலைகளும் குனிந்தன. லென்ஸ் மாட்டுகிற வாயைச் சுற்றியிருந்த வெள்ளி வளையத்தில் சிவப்பாக ஒரு விரல் தீற்றல், உள்ளே ஓரத்தில் பொட்டுப் பொட்டாகச் சிவப்புத் தூள்.

“குங்குமம் மாதிரி இருக்குதேக்கா” என்றான் சூசைநாதன்.

கணேஷ்குமாருக்கு எல்லாம் நினைவில் ஓடியது. வெள்ளிக்கிழமை. கடைப் பூசையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான், தராசுக்குப் பொட்டு வைத்தாயிற்று, கல்லாவுக்கு வைத்தாயிற்று, கட்டிலில் இந்தக் கேமரா கிடந்தது, இதுவும் மெஷின்தானே, வீட்டுக்குள் வந்துவிட்டதே என்று அடியில் ஒரு பொட்டு வைத்தான், வைத்ததோடு விட்டிருக்கலாம், ஹேமலதா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், எந்தப் பாத்திரத்தையும் உள்ளே பார்க்காமல் அவன் வாங்கியதில்லை, உள்ளே ஒரிஜினல்தானா, இவன் எதையாவது மாற்றி வைத்திருக்கிறானா என்று பக்கத்திலிருந்த பொத்தானை அமுக்கித் திருகினான், லென்ஸ் வந்துவிட்டது, கேமராவின் வாய் அண்ணாந்திருக்க மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான், உள்ளே பச்சையும் ஊதாவுமாகப் பளபளத்தது, புரியவில்லை, திரும்ப மாட்டத்தான் நேரம் பிடித்தது, விரலில் குங்குமம் இருந்ததை யார் கவனித்தது? அடியில் வைத்த பொட்டை மட்டும் நினைவாகத் துடைத்தான்.

“ஒருவேள கல்யாண வூட்ல லென்ஸ் மாத்துறப்ப விழுந்துருக்குமோ… தாலி கட்டறப்ப அட்சத, குங்குமம்னு எல்லாந்தான் பறக்கும்” என்று சூசைநாதன் தனக்குத்தானே பழி தேடிக்கொண்டிருந்தான். “என் தப்பாத்தான் இருக்கும் சார். நீங்க வேணாம்னா நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.” கதவு திறந்துவிட்டது, அவனே திறந்துவிட்டான், இவன் ஒன்றும் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்தால் போதும், வா ஹேமா போகலாம் என்று எழுந்தால் போதும்… எழுந்துவிட்டான் என்றே சொல்லலாம், கை முழங்காலில் ஊன்றியாயிற்று.

“இல்ல தம்பி, அது எங்க வூட்டுக் குங்குமம்” என்றாள் ஹேமலதா. “வெள்ளிக்கெழம பூச முடிச்சிட்டு, கைகூடக் கழுவாம, நாந்தான் கழட்டிப் பாத்தேன். உள்ள எப்பிடி இருக்குதுன்னு ஒரு ஆச.”

“நீங்களாக்கா?” சூசைநாதனுக்கு நம்ப முடியவில்லை. “அத்தன வாட்டி சொன்னனே, சும்மா கழட்டாதீங்க, கழட்டுனாக் கீழ பாக்கப் புடிங்கன்னு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சித்தான குடுத்தனுப்பினேன்.” ஒன்றும் தெரியாத பொம்பளையைப் பார்க்கிற பார்வை அவன் கண்ணில் வந்துவிட்டது, கணேஷ்குமார் அதைப் பார்த்தான், மூன்று மாத மத்தியானங்களில் அவள் சேர்த்த மரியாதை ஒரு வாக்கியத்தில் போய்விட்டது, வாயைத் திறக்க வேண்டும், நாந்தான் தம்பி என்று சொல்ல வேண்டும், இரண்டு வார்த்தைதான், மேசையில் இருந்த பேட்டரிகளை நேராக அடுக்கத் தொடங்கினான். “தப்புதான் தம்பி” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. பிறகு இவன் பக்கம் திரும்பினாள். “நம்ம கடையில யாராவது கை தவறிப் போட்டு நெளிச்சிட்டா அவங்கதான எடுத்துக்கணும்? அதான வழக்கம், இன்னாங்க?”

“ஆமா” என்றான் கணேஷ்குமார். வேறென்ன சொல்வான், அவன் கடையில் போர்டில் எழுதாத சட்டம் அது, எவ்வளவு பேரை அதைச் சொல்லியே வாங்க வைத்திருக்கிறான்.

“அப்ப இது எங்களுது தம்பி. தொடச்சிக் குடுங்க.”

சூசைநாதன் ரப்பர் பந்தை அமுக்கி உள்ளே காற்றடித்தான், பிறகு ஒரு மெல்லிய துடைப்பானில் மருந்தைத் தொட்டு, பிள்ளைக்குக் காது துடைப்பதுபோல ஒரே இழுப்பாக இழுத்தான், ஹேமலதா பக்கத்தில் நின்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணேஷ்குமார் உட்கார்ந்தபடியே இருந்தான். வெண்கலப் பானையை விரல் மடக்கித் தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும், எங்கோ ஒட்டுப் போட்டிருந்தால் மந்தமாகக் கேட்கும், மனிதர்களையும் அவன் அப்படித்தான் தட்டிப் பார்த்து வந்திருக்கிறான், முக்கியமாக இவளை. இத்தனை வருஷத்தில் இவள் வாயிலிருந்து வந்த முழுப் பொய் என்று அவன் கண்ணெதிரே கேட்டது இதுதான், கணீரென்று இருந்தது, ஒரு பிசிறு இல்லை. அப்படியானால் வெள்ளிக்கிழமை கொல்லையிலிருந்து பார்த்தாளா? பார்த்திருந்தால் ஏன் கேட்கவில்லை, ஒரு வாரம் எதற்கு மனசுக்குள் வைத்திருந்தாள்? பார்க்கவில்லை, இப்போதுதான் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் என்றால் அது இன்னும் மோசம்… என்னைக் காப்பாற்றினாளா, இல்லை, நான் எழுந்து போகிற கதவைச் சாத்தினாளா? இரண்டும்தானா?

படியிறங்கும்போது பை அவள் தோளில் இருந்தது. கொடு, கனமாக இருக்கும் என்றான், வேணாங்க, பழகிக்கணும்ல என்றாள். கீழே வண்டியை எடுத்தான், பின்னால் ஏறி உட்கார்ந்தாள், பை அவன் முதுகில் இடிக்காமல் நடுவில் கையை வைத்துக்கொண்டாள். ஏரிக்கரைக் காற்று வந்தது. கேட்டுவிடலாமா என்று தலையை லேசாகத் திருப்பினான். கேட்டால் சொல்லுவாள், உங்களுக்காகத்தான் சொன்னேன் என்பாள், அதையும் அவன் கண்ணைப் பார்த்துத்தான் சொல்லுவாள்… அதுவும் கணீரென்றுதான் கேட்கும். “இன்னாங்க?” என்றாள் ஹேமலதா. ஒன்றுமில்லை என்றான்.