நகரும் ஊரின் வரைபடம்

தெயாரிக்குக் கோபம் வந்தால் துடுப்பு அடிக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். அன்று காலைக் கஞ்சி வியாபாரத்தை முடித்த கையோடு, மகள் மாலிஸ் வரைந்த படத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் படகை விட்டாள். வாசல் மிதவையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள், "யாரைடி அடிக்கப் போற?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

பள்ளிக்கூடமும் மற்ற வீடுகளைப் போல மூங்கில் கட்டுகளின் மேல் மிதப்பதுதான். தொன்லே சாப் ஏரியில் அந்த ஊருக்கென்று ஒரு பிடி மண் கிடையாது. மூன்றாம் வகுப்புக்கு வண்ணி டீச்சர். பட்டணத்திலிருந்து வந்து இரண்டு வருஷமாகியும் படகிலிருந்து இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது.

"டீச்சர், வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர்ற வழியை வரைஞ்சுட்டு வான்னு சொன்னீங்க. பிள்ளை ராத்திரி சாப்பிடாமக்கூட வரைஞ்சா. பத்துக்கு மூணு போட்டிருக்கீங்களே, நியாயமா?"

வண்ணி டீச்சர் படத்தை வாங்கி மேஜையில் விரித்தாள். "உட்காருங்கக்கா. இந்தப் படத்தை வச்சு நான் இப்ப உங்க வீட்டுக்கு வரணும். 'நீல வீட்டுக்கு இடப்பக்கம் திரும்பணும்'னு போட்டிருக்கா. நீல வீடு எங்க இருக்கு?"

தெயாரி ஜன்னல் வழியே கை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. நீல வீட்டுக்காரர்கள் படம் வரைந்த மறுநாளே வீட்டை இழுத்துக்கொண்டு மகள் வீட்டுப் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.

"அது போயிடுச்சு."

"சரி, இடப்பக்கம்னா எப்போ? வரும்போதா, போகும்போதா?"

தெயாரி தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இடது, வலது என்றாலே அவளுக்குக் குழப்பம். 'சோறு திங்கிற கை எதுன்னு யோசிச்சுட்டுத்தான் இவ படகைத் திருப்புவா' என்று புருஷன் சாருன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

"மாலிஸுக்கு வீட்ல யாரு கூட உட்கார்ந்து சொல்லிக் குடுத்தது?" என்று டீச்சர் கேட்டாள்.

"நான்தான்." தெயாரியின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப அந்த மூணு எனக்கா?"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். "படத்துக்குத்தான் மூணு. பக்கத்துல உட்கார்ந்த அம்மாவுக்குப் பத்துக்குப் பத்து. இந்த வகுப்புல எத்தனை வீட்ல அப்படி உட்கார்றாங்கன்னு நினைக்கிறீங்க? ஒண்ணு செய்யுங்க. கஞ்சி விக்கப் போறப்போ மாலிஸையும் கூட்டிட்டுப் போங்க. சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னு கேளுங்க. நம்மைச் சுத்தி நகராம இருக்கிறது எதுன்னு கேளுங்க. பதிலை மட்டும் நீங்க சொல்லிடாதீங்க."

"எனக்குத் தெரிஞ்சாத்தானே டீச்சர் சொல்றதுக்கு!"

மறுநாளிலிருந்து மாலிஸ் படகின் முனையில் உட்கார்ந்துகொண்டாள். நடுவில் கஞ்சிப் பானை, கருவாட்டுக் கிண்ணம், நறுக்கிய வெங்காயத்தாள். தெயாரி துடுப்புப் போட்டபடி கேட்பாள்: "நகராதது எது, சொல்லு பார்ப்போம்."

"பன்றிக் கூண்டு."

"நேத்துதான அவிழ்த்துக் கட்டினாங்க?"

"அப்போ மரம்."

"தண்ணி ஏறினா மரமே முழுகிடுதே. எங்கன்னு தேடுவ?"

இரண்டு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, கரைப்பக்கம் தூரத்தில் தெரிந்த குன்றையும் அதன் உச்சியிலிருந்த புத்த விகாரையையும் மாலிஸ் பார்த்தாள். நம் வீடு எங்கே போனாலும் அது அங்கேயேதான் இருக்கிறது. சூரியன் முளைக்கிற பக்கம் வலது கையை நீட்டினால் குன்று நேர் எதிரே நின்றது. "அம்மா, அது வடக்கு! குன்று வடக்கும்மா! அது நகருமா?"

"அது நகர்ந்தா நம்ம கதை முடிஞ்சுது" என்றாள் தெயாரி. ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஏதோ பூட்டுத் திறந்த மாதிரி இருந்தது. இடதாவது வலதாவது, குன்றைப் பார்த்தால் போதும். அன்று முதல் அவள் கூவுவதே மாறிப்போனது. "கிழக்கு வரிசைக்கு வந்துட்டேன், கிண்ணத்தை எடுங்க!" வாடிக்கைக்காரர்கள் கேலி செய்தார்கள். "எங்க வீடு கிழக்கா? எங்களுக்கே தெரியாதே! கஞ்சிக்கு இப்ப பாடமும் சேர்த்துத் தர்றியா?"

அந்தப் பருவத்தில் டீச்சர் வகுப்புக்குப் பெரிய வேலை ஒன்று கொடுத்தாள். முழு ஊரையும் ஒரே படமாக வரைய வேண்டும். பழைய நாள்காட்டித் தாள்களைத் திருப்பி ஒட்டி, பாய் அளவுக்குத் தாள் செய்தார்கள். வீட்டுக்கு முக்கோணம், கடைக்கு வட்டம், பன்றிக் கூண்டுக்குச் சின்னக் கட்டம். மேல் மூலையில் பச்சைக் குன்று. மேற்கு ஓரம் மாலிஸின் பொறுப்பு. முடித்துச் சுவரில் மாட்டியபோது பெற்றோர்கள் வந்து தங்கள் தங்கள் முக்கோணத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

மழை ஓய்ந்தது. ஏரி வற்றத் தொடங்கியதும் வழக்கம்போல ஊர் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டு தண்ணீரின் பின்னாலேயே கிளம்பியது. இயந்திரப் படகுகள் வீடுகளை ஒவ்வொன்றாக இழுத்தன. கோழிகள் கத்தின. புது இடத்தில் யார் பக்கத்தில் யார் என்பதே மாறிவிட்டது. சுவரில் மாட்டிய படத்துக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை.

மாலிஸ் வீட்டுக்கு வந்து பென்சிலைத் தூக்கி மூலையில் வீசினாள். "டீச்சர் திரும்ப வரையச் சொல்றாங்க. நான் வரைய மாட்டேன். வரைஞ்சா அடுத்த மழைக்குத் திரும்ப நகரும். எதுக்கு?"

வலை பின்னிக்கொண்டிருந்த சாருன், "அதானே, எதுக்கு?" என்று எடுத்துக் கொடுத்தான். தெயாரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வலைக்குத் திரும்பிவிட்டான்.

"ஏண்டி," என்றாள் மகளிடம், "நேத்துக் கஞ்சி குடிச்சோமேன்னு இன்னிக்கு யாராவது வேண்டாம்னு சொல்றாங்களா? நான் தினம் காலைல எழுந்து காய்ச்சறதில்லையா? ஊர் நகர்ந்தா நீயும் கூடவே வரை. போன தடவை தெரியாத வேலை. இப்பத் தெரிஞ்ச வேலைதானே?"

மாலிஸ் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு தானே போய்ப் பென்சிலைத் தேடி எடுத்தாள்.

மேற்கு ஓரத்தை வரைய இருவரும் கஞ்சிப் படகிலேயே போனார்கள். கடைசி வரிசை முடிந்ததும் தெயாரி படகைத் திருப்பினாள். மாலிஸ் எழுந்து நின்றாள். "அங்க இன்னும் ஒரு வீடு இருக்கும்மா."

ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்கு அப்பால், தனியாக ஒரு தகரக் கூரை. சொக்கிம் வீடு. சாருனின் படகு இயந்திரம் அவர்களுடைய வலையை அறுத்ததிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டையில் சொன்ன சொற்கள் இன்னும் தெயாரியின் காதில் சூடாக இருந்தன.

"அதை விடு."

"படத்துல விடலாமா?"

"நமக்கும் அவங்களுக்கும் ஆகாது."

"நமக்கு ஆகாதும்மா. படத்துக்கு என்ன?" என்றாள் மாலிஸ். குறும்பு இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

தெயாரி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் குன்றைப் பார்த்தாள். பிறகு ஆகாயத்தாமரையை விலக்கிக்கொண்டு படகை உள்ளே விட்டாள்.

சொக்கிம் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. குழந்தை பிறந்த சேதியே தெயாரிக்குத் தெரியாது.

"என்ன, திரும்ப வலை அறுக்க வந்தீங்களா?"

தெயாரி வாயைத் திறப்பதற்குள் மாலிஸ் முந்திக்கொண்டாள். "இல்ல பெரியம்மா. பள்ளிக்கூடத்துக்கு ஊர்ப் படம் வரையறோம். உங்க வீட்டையும் போடணும். வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கு, தெற்கா? பன்றிக் கூண்டு இருக்கா?"

சொக்கிம் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "கூண்டு இல்ல" என்றாள். "கோழிதான் இருக்கு. கோழிக்கு என்ன போடுவ?"

"கோழிக்கு இன்னும் ஒண்ணும் வைக்கலை. டீச்சர்கிட்ட கேட்கிறேன்."

தெயாரி பானையைத் திறந்து, கேட்காமலேயே ஒரு கிண்ணம் கஞ்சியை நீட்டினாள். சொக்கிம் வாங்கிக்கொண்டாள்.

சில நாள் கழித்துத் தடுப்பூசிப் படகு வந்தது. ஊர் நகர்ந்த பிறகு வருகிற இந்தப் படகு எப்போதும் கண்ணில் பட்ட வீடுகளுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடும். ஓரத்து வீட்டுக் குழந்தைகளைத் தேட அவர்களுக்கு வழி தெரியாது. இந்த முறை செவிலி பள்ளிக்கூடத்தில் ஏறிக் குழந்தைகள் உள்ள வீடுகளைக் கேட்டபோது, வண்ணி டீச்சர் சுவரைக் காட்டினாள். புதுப் படத்தில் மை இன்னும் பளபளத்தது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முக்கோணத்துக்குள் சிவப்புப் புள்ளி. அது மாலிஸ் சொல்லிச் சேர்த்தது.

செவிலி படத்தைத் தன் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு, "இது யாரோட பகுதி?" என்று மேற்கு ஓரத்தைத் தொட்டாள். மாலிஸ் எழுந்து நின்றாள்.

"குன்றை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டுத் தெற்கே போங்க. கடைசி வரிசை வந்ததும் சூரியன் இறங்குற பக்கம் திரும்புங்க. ஆகாயத்தாமரை தாண்டி ஒரே ஒரு வீடு. அங்க ஒரு பாப்பா இருக்கு. படகுக்காரர் வழி இல்லைன்னு சொல்வார். இருக்கு."

மாலையில் தெயாரி கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தபோது சொக்கிமின் படகு வந்து வாசலில் நின்றது. குழந்தையின் தொடையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என் மூத்தவங்க ரெண்டு பேருக்கும் ஊசிக்கு நான்தான் கரைவரைக்கும் அலைஞ்சேன்" என்றாள் சொக்கிம். "இவனுக்கு வீட்டுக்கே வந்து போட்டாங்க. 'ஒரு சின்னப் பொண்ணு வழி சொன்னா'ன்னு அந்தம்மா சொன்னாங்க."

"என் பொண்ணுதான்" என்றாள் தெயாரி. சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று தெரிந்தது. உள்ளேயிருந்து சாருன் எட்டிப் பார்த்தான். சொக்கிமைப் பார்த்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, "வலையைக் கொண்டு வாக்கா, பின்னித் தர்றேன்" என்றான்.

அடுத்த வாரம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுக்கும்படி டீச்சர் மாலிஸை எழுப்பி நிறுத்தினாள். அந்த நேரம் தெயாரியின் படகு பள்ளிக்கூட ஜன்னலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது: "பதிலை நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க. நம்மைச் சுத்தி நகராம இருக்கிறது எது?"

தெயாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படகை நிறுத்தினாள். எதிர் வரிசையிலிருந்து, "கஞ்சி ஆறுது, வர்றியா இல்லையா?" என்று யாரோ கத்தினார்கள்.

"ஆறட்டும்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "என் பொண்ணு பாடம் எடுக்கிறா."