மாலத்தீவுக்கு ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்

"பொட்டிய ரோட்டுல இழுத்துப் பாத்தியா? சக்கரம் ஓடுதா?" சிவசங்கரி அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"மூணு ரவுண்டு போயிட்டேம்மா! சூப்பரா ஓடுது!" என்றாள் ஒன்பது வயது மகள் கனிஷ்கா. புதுப் பெட்டியின் கடகடச் சத்தத்துக்கு எதிர்வீட்டார் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

பொங்கல் விடுமுறைக்கு மாலத்தீவு! அந்த வீட்டில் யாரும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. சிவசங்கரி விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சூப்பர்வைசர். கணவன் அர்ச்சுனன் ஜங்ஷன் ரோட்டில் செல்போன் கடை வைத்திருந்தான். கொரோனா வந்து இரண்டு வருடமாக வெளியூர் என்று எங்கும் போகவில்லை. எந்த நாடு திறந்திருக்கிறது, எது மறுபடி மூடிவிட்டது என்று தினமும் காலையில் பார்ப்பது சிவசங்கரியின் வழக்கமாகிப்போனது. தாய்லாந்து என்று முடிவு செய்தார்கள், விதி மாறியது. சிங்கப்பூர் என்றார்கள், டிக்கெட் கிடைக்கவில்லை. மாலத்தீவுக்கு மட்டும் வழி இருந்தது. கிளம்புவதற்கு முந்தைய நான்கு நாட்களுக்குள் பரிசோதனை செய்து, கொரோனா இல்லை என்று ரிப்போர்ட் காட்டினால் போதும்.

அர்ச்சுனன் கடலுக்குள் மீன் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியில் முகத்தை அமுக்கி மூச்சடக்கிப் பழகினான். கனிஷ்கா ஏர்போர்ட் அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் கண்ணாடி முன் நின்று இங்கிலீஷில் பதில் சொன்னாள். கம்பெனிப் பெண்கள் ஆளுக்கொரு சங்கு கேட்டிருந்தார்கள்.

புதன்கிழமை பயணம். திங்கட்கிழமை மூவரும் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். மறுநாள் மதியம் முடிவு வந்தது. அர்ச்சுனனுக்கும் கனிஷ்காவுக்கும் இல்லை. சிவசங்கரிக்கு இருந்தது.

தொண்டை லேசாகக் கரகரத்ததைத் தவிர அவளுக்கு ஒன்றுமே இல்லை. நம்ப முடியாமல், டிக்கெட் போட்டுக்கொடுத்த டிராவல்ஸ்காரர் கோகுல்ராஜுக்குப் போன் செய்து அழுதாள்.

"இதுக்குப் போயா அழுவுறீங்கக்கா? எனக்குத் தெரிஞ்ச எடத்துல நெகட்டிவ்னு ரிப்போர்ட் வாங்கித் தரேன். மூக்குல குச்சிகூட வுட வேணாம். எத்தினி பேரு இப்பிடிப் போயிட்டு வந்துட்டாங்க!"

சிவசங்கரி கணவனைப் பார்த்தாள்.

"காய்ச்சகூட இல்லியே ஒனக்கு. பாப்பா மொகத்தப் பாரு, சங்கரி," என்றான் அவன்.

ஒரு மணி நேரத்தில் வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது. வீட்டில் பழைய குதூகலம் திரும்பியது. கனிஷ்கா கட்டிலில் ஏறிக் குதித்தாள். சிவசங்கரியும் சிரித்தாள்.

புதன்கிழமை காலை, சென்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வாடகைக் கார் வந்தது. ஓட்டிவந்த காத்தவராயன் கருவேப்பிலங்குறிச்சிக்காரன். பெட்டிகளை ஏற்றிவிட்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு சிரித்தான்.

"நெஜமா சொல்றங்க, ஒரு மாசமா நான் வெளியூரு சவாரிக்கே போறதில்ல. என் சம்சாரத்துக்கு இது ஒம்போதாவது மாசம். பயந்துகிட்டு ஊசியும் போட்டுக்கல. ஏர்போர்ட்டு சவாரின்னா எல்லாரும் டெஸ்ட் எடுத்திருப்பீங்கல்ல, அதான் தைரியமா வந்துட்டேன்."

கார்க் கதவைத் திறந்த சிவசங்கரியின் கை அப்படியே நின்றது. ஐந்து மணி நேரம், ஜன்னல் சாத்திய காருக்குள், இந்த மனிதனுக்குப் பின்னால் அவள் உட்காரப்போகிறாள். பிறகு இவன் நேராகத் தன் வீட்டுக்குப் போவான்.

அவள் பின்னால் நகர்ந்தாள்.

"மாஸ்க்க ஏத்திக்குங்க. தள்ளி நில்லுங்க. எனக்குக் கொரோனா இருக்குதுங்க. கையில இருக்கற ரிப்போர்ட்டு பொய்."

"சங்கரி!" என்று அர்ச்சுனன் அதட்டினான். கனிஷ்கா ஓவென்று அழுதாள்.

காத்தவராயனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கவசத்தை ஏற்றிக்கொண்டு பெட்டிகளை இறக்கி வைத்தான். காரில் ஏறி, கண்ணாடியைப் பாதி இறக்கிச் சொன்னான்.

"சொல்லாம வந்திருந்தீங்கன்னா, யாரால வந்துச்சின்னே எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க."

அர்ச்சுனன் அன்று முழுக்க முறைத்துக்கொண்டே திரிந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கும் மகளுக்கும் காய்ச்சல் அடித்தது. கஞ்சி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "அங்க போயி எத்தினி பேருக்கு ஒட்ட வச்சிருப்போமோ," என்றான் மெதுவாக.

மூவரும் தேறினார்கள். மார்ச் மாதம் மறுபடி தேதி குறிக்க உட்கார்ந்தபோது வீடு முன்னைவிட அமர்க்களப்பட்டது. போனில் கோகுல்ராஜ் கேட்டார்: "இந்தத் தடவ பாஸிட்டிவ் வந்தா ரிப்போர்ட்டு ரெடி பண்ணிடட்டுமாக்கா?"

"வேணாந்தம்பி. பொய் ரிப்போர்ட்டு ஆபீசர ஏமாத்தும், நோய ஏமாத்தாது. நாம ஒரு வாரம் ஜாலியா இருக்கணும்னு, மொகம் தெரியாத ஒருத்தர் வூட்டுல சாவு வுழக் கூடாது. இன்னொருத்தருக்கும் இப்பிடி ரிப்போர்ட்டு வாங்கித் தராதீங்க. சரி, ஏப்ரல்ல எந்தத் தேதிக்கு டிக்கெட் இருக்குது, அதச் சொல்லுங்க!"