பத்திரகாளி கட்டிலை விட்டு எழவில்லை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுபத்திரிகைக்காரர் போன் செய்து, "கரிசல் வாசத்தோட ஒரு கதை குடுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பதினோரு பேர் குடியிருக்கிற வீட்டில், துவைக்கப் போட்ட துணியின் வாசம்தான் வந்தது. கண்ணில் பட்டவள் என் தங்கச்சி பத்திரகாளி. கூடத்து நைலான் கட்டிலில் கால் மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டு, யாரோ எங்கோ கேக் வெட்டுவதைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி காளி, உன்னயப் பத்தி ஒரு கதை எழுதட்டா?"

"எழுது. எந்திரிக்கச் சொல்லாத."

இப்படித்தான் தொடங்கியது. இதில் கலை எதுவும் இல்லை.

2

முதல் தொடக்கம்: கோவில்பட்டிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற அந்த வீட்டின் மீது விடியலின் முதல் கதிர் விழுந்தபோது பத்திரகாளி—

[நிறுத்திவிட்டேன். காளி விடியலைப் பார்த்ததே கிடையாது.]

இரண்டாவது தொடக்கம்: அவள் கண்களில் சொல்லப்படாத சோகம் ஒன்று—

[இதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். "கண்மை இழுகியிருக்கும். நல்லாப் பாரு" என்றாள்.]

மூன்றாவது தொடக்கம், வேறு வழியில்லாமல் நேராக:

எனக்கு ஒரு தங்கச்சி. வயது இருபத்தாறு. பி.காம். படித்திருக்கிறாள். மத்தியானத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் இ-சேவை மையத்தில் வேலை. மிச்ச நேரம் கட்டில். எங்கள் அப்பா சுந்தரபாண்டியன் சாக்கும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறார். நான் பூவனநாதன், மூத்தவன், அந்தக் கடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆள் இல்லாத நேரத்தில் கதை எழுதுகிறவன். என் மனைவி பொன்மணி, எங்கள் மகள், தம்பி இசக்கிதுரை, அவன் மனைவி, அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகள், சித்தப்பா, அம்மா. எண்ணிப் பாருங்கள், பதினொன்று வரும். குளியலறை ஒன்று.

கரிசல் மண்ணில் கட்டின வீடு. கோடை வந்தால் மண் வெடிக்கும், கூடவே சுவரும் வெடிக்கும். ஒவ்வொரு விரிசல் மேலும் அப்பா ஒரு காலண்டர் மாட்டுவார். "நம்ம வீட்டுல தேதி தெரியலன்னு யாரும் சொல்ல முடியாது" என்பாள் காளி.

அவள் எதையும் நம்ப மாட்டாள். மேகம் கூடினால், "சும்மா எட்டிப் பாத்துட்டுப் போகும்." துரை தொப்பையைக் குறைக்க நடைப்பயிற்சிக்குப் போனால், "வியாழக்கெழம வரைக்கும் போவான்."* நான் எழுதினால், "யாரு படிக்கா?"

* புதன்கிழமையோடு நின்றுவிட்டான்.

3

இந்த இடத்தில் கதைக்கு ஒரு பிரச்சினை வேண்டும். தேடிப் போக வேண்டியதில்லை. பருப்பு டப்பாவுக்குள் இருந்தது.

பொன்மணி கல்யாணம் முடிந்து பத்து வருஷமாக எங்கள் வீட்டின் அடுப்பில் நிற்கிறவள். காலையில் பதினோரு பேருக்கு இட்லி, மூன்று பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ், கடைக்குச் சாப்பாடு. இரண்டு வருஷம் முன்னால் காளி ஒரு நாள் அவளிடம், "மதினி, உங்க சர்ட்டிபிகேட்டக் குடுங்க. சென்டர்ல ஆளே வரல, சும்மா ஒரு அப்ளிகேஷன் போட்டு வைக்கேன்" என்று கேட்டு வாங்கிப் போனாள். அரசுத் தேர்வுக்கு. பொன்மணி சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் படித்தாள். பிழிந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டே படித்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை கிடைத்தது. கலந்தாய்வுக்குச் சென்னைக்கு நான்தான் கூட்டிப்போனேன். வீட்டில் சிநேகிதன் கல்யாணம் என்று சொன்னோம்.

புதூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தபாலில் வந்த உத்தரவைப் பருப்பு டப்பாவில் வைத்தாள். "மாமாட்ட நீங்க சொல்லிருங்க" என்றாள். "நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

சொல்லவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டுப் பெண் காலை ஆறே முக்காலுக்குப் பஸ் ஏறிப் போவதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று நினைத்தாலே பேச்சை நாளைக்குத் தள்ளிவிடுவேன். இன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, மறுநாள் சரக்கு வருகிறது. இப்படியே நாள் போனது. பொன்மணி தினமும் சாயங்காலம் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

[இது காளியைப் பற்றிய கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன்.]

4

வேலையில் சேரக் கடைசித் தேதி ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் கறிக்குழம்பு. ஞாயிறு மட்டும்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். பொன்மணி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அப்பா சொன்னார்: "வைகாசில மதுரைலருந்து அத்த வீட்டுக்காரவிய பத்து நாள் தங்க வாராவ. காளிக்கு ஒரு இடமும் கொண்டு வாராவளாம். பொன்மணி, நீதான்மா எல்லாத்தயும் பாத்துக்கிடணும்."

காளி எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "மதினி எங்கனருந்து பாப்பாவ? அவிய புதூர் ஆபீஸ்ல சீல் குத்திக்கிட்டுல்லா இருப்பாவ" என்றாள்.

"யாரு? எந்த ஆபீஸு?"

காளி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏண்ணே, நீ இன்னும் சொல்லலியா? சரி சரி, சாப்பிடு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை என் முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்:

[நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன். அப்பாவின் கண்களை நேராகப் பார்த்தேன். "பொன்மணிக்கு அரசாங்க வேலை கெடச்சிருக்கு. அவ போவா. இது என் முடிவு" என்றேன். கூடம் உறைந்து நின்றது.]

காளி கட்டிலில் படுத்தபடியே இந்தப் பக்கத்தைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"நல்லாருக்கு. யாருண்ணே இந்த ஆளு? நம்ம வீட்டுல இப்படி ஒருத்தன் இல்லியே."

"கதைன்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்."

"அந்த ரசம் எங்க?"

தாளை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"ரசத்த எழுது. இல்லன்னா என் பேரையும் அடிச்சிட்டு, வேற எவளயாச்சும் வச்சு எழுதிக்கோ."

சரி. எழுதுகிறேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். "பொன்மணி, கொஞ்சம் ரசம் ஊத்து" என்றேன். தட்டில் குழம்புச் சோறு பாதிகூட முடியவில்லை.

அவள் ஊற்றினாள். குழம்பும் ரசமும் கலந்து தட்டின் விளிம்பு வரை வந்தது. கரண்டியைச் சட்டியில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, ரெண்டு வருசம் படிச்சேன். பரிச்ச எழுதினேன். வேலை கெடச்சிருக்கு. புதன்கெழம சேரணும். போறேன்."

போகட்டுமா என்று கேட்கவில்லை. ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இது யார் யாருக்குத் தெரியும்?" என்றார்.

துரை தொண்டையைச் செருமினான். "எனக்கு இவ சொன்னா." அவன் மனைவி சித்தப்பாவைக் கைகாட்டினாள். சித்தப்பா, "எனக்குப் பிள்ளைக சொல்லிச்சு" என்றார். இரட்டைகள் பெருமையாகத் தலையை ஆட்டினார்கள். அம்மா மட்டும் மிச்சம். அம்மா சொன்னாள்: "பருப்பு டப்பாவ நான் தெறக்க மாட்டனாக்கும்?"

"பதினோரு பேரு இருக்கிற வீட்டுல எனக்கு மட்டுந்தான் தெரியாதா?" என்றார் அப்பா. இத்தனை நாளாக நான் பயந்த கோபம் அந்தக் குரலில் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வராதவரின் குரல் அது.

அம்மாதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "சரி, காலையில இத்தன பேருக்கு யாரு பொங்குவா?"

எல்லாத் தலையும் காளி பக்கம் திரும்பியது.

"என்னைய என்னத்துக்குப் பாக்கிய? மதினி எடத்துக்கு நான் வர மாட்டேன். நான் வந்தேன்னா, அப்பறம் அதுலருந்து வெளிய வர நானும் ரெண்டு வருசம் படிக்கணும். நம்மால முடியாது. அடுப்பு ஒண்ணு, ஆளு இத்தன பேரு. மொற வச்சு நில்லுங்க."

"அப்ப உன் மொறைக்கு?" என்றாள் அம்மா.

"ஓட்டல்ல வாங்கித் தாரேன்."

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மோர் ஊற்றிக் கடைசிச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"புதன்கெழம பன்னெண்டுலருந்து ஒன்றரை வரைக்கும் ராகு காலம். அதுக்கு முந்திக் கையெழுத்தப் போட்டுரும்மா."

5

காளி ஏன் அப்படிச் சொன்னாள்? கதாசிரியனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மூன்று காரணங்கள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) மதினி மேல் உள்ள பாசம். நாள் நெருங்குவது தெரிந்து, வேண்டுமென்றே போட்டு உடைத்தாள்.
ஆ) மாப்பிள்ளைப் பேச்சு வந்தது. பேச்சை மாற்ற, கையில் கிடைத்ததை எடுத்து வீசினாள்.
இ) நான் சொல்லியிருப்பேன் என்று நிஜமாகவே நம்பினாள்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. எதையும் நம்பாதவள், என்னை மட்டும் நம்பியிருந்தால்? அவளிடமே கேட்டேன்.

"அன்னைக்கு எலும்பு நல்லா வெந்திருந்தது. வேற ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்ல. எனக்குத் தங்கமான மனசுன்னு மட்டும் எழுதின, பேனாவ ஒடிச்சிருவேன்."

எழுதவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை அடுப்பு முறை எனக்கு. உப்புமா கிண்டினேன். துரை பாலைப் பொங்கவிட்டான். பிள்ளைகளின் டிபன் பாக்ஸ்கள் ஆள் மாறிப் போயின. அப்பா உப்புமாவைத் தொட்டுப் பார்த்து, "இதச் சாக்குல அடச்சி விக்கலாம்" என்றார்; ஆனால் சாப்பிட்டார்.

[காளி பஸ் ஸ்டாண்டு வரை வந்து, ஈரக் கண்களோடு கையசைத்தாள்— இல்லை. இதையும் அவள் அடித்துவிட்டாள்.]

அவள் எழுந்திருக்கவே இல்லை. சத்தம் தாங்காமல் தலையணையை எடுத்து முகத்தின் மேல் வைத்துக்கொண்டாள். பொன்மணி புதுச் செருப்போடு கட்டில் பக்கம் வந்து நின்று, "காளி, போயிட்டு வாரேன்" என்றாள்.

தலையணைக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "போங்க மதினி. திரும்பி வராட்டாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

பொன்மணி சிரித்துவிட்டாள். வாசல் தாண்டி, தெருமுனை திரும்பும் வரைக்கும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே போனாள். கல்யாணமான பத்து வருஷத்தில் அவளை அப்படி ஒரு தடவையாவது சிரிக்க வைத்திருக்கிறேனா என்று கரண்டியோடு நின்று யோசித்தேன்.

6

நாலு மாதம் ஆகிவிட்டது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவள் செருப்பில் புதூர்த் தூசி இருக்கும். ஆபீஸ் கதைகள் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. பத்திரிகைக்கு அனுப்புமுன் இதை அவளிடம் காட்டலாமா என்று காளியிடம் கேட்டேன்.

"காட்டு. நீ எப்படிப்பட்ட ஆளுன்னு எழுதின உனக்கே இப்பந்தான் தெரியுது, அவியளுக்கு அன்னைக்கே தெரியும்."

ஆகவே முதல் ஐந்து பகுதிகளையும் சற்று முன் பொன்மணி கையில் கொடுத்துவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். இன்று என் முறை. இந்தக் கடைசிப் பகுதியை அடுப்படியில் வெங்காயத்துக்கு நடுவே செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். விடியலுக்குச் சிரித்தாள். காலண்டருக்குச் சிரித்தாள். மாடித் துணி வந்த இடத்தில் சத்தமில்லை. தாள் திரும்புகிற சத்தம் கேட்கிறது. நான்காம் பகுதியாகத்தான் இருக்க வேண்டும்.

வெகுநேரமாகத் தாள் திரும்பவில்லை.

இதற்கு இரண்டு முடிவுகள் யோசித்திருந்தேன். ஒன்றில் அவள் சிரிக்கிறாள். இன்னொன்றில் அவள் தாளை மடித்து வைத்துவிட்டு—

"என்னங்க" என்று கூப்பிடுகிறாள்.

அந்த ஒரு சொல்லில் கோபம் இருக்கிறதா, சிரிப்பு இருக்கிறதா, இங்கிருந்து பிடிபடவில்லை. உங்களுக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு—

"அண்ணே" என்று கட்டிலிலிருந்து காளி கத்துகிறாள். "கூப்பிடுதாவல்லா? எழுதினது போதும். போ."